மூடி போட்ட பிறகும் துடித்த முள்

உச்சி வெயிலில் உப்பளத்தைக் குறுக்கே யாரும் கடக்க மாட்டார்கள். அந்த நேரத்தில் அங்கே நடமாடுவது மனிதர்கள் இல்லை என்று ஊரில் ஒரு பேச்சு. காலடியில் நிழல்கூட விழாத அந்த வேளையில்தான் தில்லைநாயகி நடந்தாள். பின்னால் யாரோ வருவதுபோல உப்பு நொறுங்கியது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் கணவன் உலகநாதன் கடலில் மணல்திட்டுகளை அளக்கும் சர்வேக்காரன். லேசர் கருவியோடு போனவன் திரும்பவில்லை. தேடிப் போன படகுகள் வெறுங்கையோடு வந்தன. பொழுது சாய்ந்ததும் பெண்கள் வெள்ளைச் சேலையோடு வந்து அவள் தாலியை இறக்குவதாக முடிவாகிவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அவளைக் கேட்டு முடிவெடுக்க வேண்டும் என்றுகூட ஒருவருக்கும் தோன்றவில்லை.

கடலோரக் கோபுரத்தின் அடியிலிருந்த அறையில் வாத்தியார் ஞானசுந்தரம் உட்கார்ந்திருந்தார். அவளைவிட இரண்டொரு வயது சின்னவர். வெளிச்சத்தையே படித்துக் கிடக்கும் மனிதர். அவரிடம் பாடம் கேட்க வந்தவர்களில் ஓடிப்போகாமல் நின்றவள் தில்லைநாயகி ஒருத்திதான்.

"சார், அவர் இருக்கார்னு மனசு அடிச்சுக்குது. அது நெசமா, என் ஆசையா? எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

 வாத்தியார் மேசைமேல் இருந்த கறுப்புப் பெட்டியைக் காட்டினார். அதன் முகப்பில் அளவு காட்டும் ஒரு முள்; குழாய் ஜன்னல் வழியே கடலைப் பார்த்து நின்றது. காலையில்தான் அவள் கையால் வேலை முடிந்த பெட்டி.

"இது என்ன செய்யும்?"

"உங்களுக்குத் தெரியாதா சார்?"

"நீ சொல்லு."

அவளுக்குக் கோபம் வந்தது. வீடு பற்றி எரியும்போது பாடம் ஒப்பிக்கச் சொல்கிறாரே! ஆனாலும் சொன்னாள்.

"வர்ற வெளிச்சத்தை ரெண்டாப் பிரிக்கும். ஒரு பாதியை நேர் வழியில விடும். இன்னொரு பாதியைச் சுத்து வழியில விட்டுத் தாமதமாக்கும். அப்புறம் ரெண்டையும் சேர்த்து வைக்கும்."

"சேர்ந்தா?"

"வெயிலா இருந்தா, பின்னாடி வந்த பாதியை முன்னாடி வந்த பாதிக்கு அடையாளம் தெரியாது. எவ்வளவு வெயில் அடிச்சாலும் முள் சும்மா நிக்கும். லேசரா இருந்தா, சுத்தி வந்தாலும் ஒண்ணையொண்ணு தெரிஞ்சுக்கும். உள்ள இருக்கிற கண்ணாடி ஆட ஆட, ரெண்டும் சேர்ந்து கூடும், குறையும். முள் துடிக்கும்."

"உலகநாதன் அளக்கப் போனா முதல்ல எங்க குறி வைப்பார்?"

 திட்டில் இறங்கியதும் இந்தக் கோபுரத்தைக் குறி வைத்துத்தான் அளவைத் தொடங்குவார்கள். அதுதான் அவர்கள் வழக்கம். கடல் முழுக்க வெயில் கொதிக்கும்போது அந்த ஒரு துளி வெளிச்சம் எந்தக் கண்ணுக்குத் தெரியும்?

அவள் சுவிட்சைப் போட்டாள்.

முள் துடித்தது.

"சார்! இருக்கார்! என் சாமி இருக்கார்!" வாசலுக்கு ஓடினாள். ஊருக்கே கேட்கக் கத்த வாயெடுத்தாள்.

"மூடியைப் போடு."

அவள் நின்றாள். குழாய்க்கு மூடி போட்டுப் பார்ப்பது அவர் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். எந்த முள் அசைந்தாலும் அவள்தான் முதலில் மூடியைத் தேடுவாள். இன்று மட்டும் அவள் கை அதைத் தேடவில்லை.

"வேண்டாம் சார்."

"போடு."

போட்டாள். குழாயின் வாய் அடைபட்டது. கடல் இல்லை, வெயில் இல்லை, ஒன்றும் உள்ளே வர வழியில்லை.

முள் துடித்துக்கொண்டே இருந்தது.

அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. வெளியே ஒரு காக்கைகூடக் கத்தவில்லை. அடைத்த பெட்டிக்குள் யார் இருக்கிறார்கள்? ஊர்ப்பேச்சு நினைவுக்கு வந்தது. உப்பில் கேட்ட காலடி நினைவுக்கு வந்தது. "வந்துட்டீங்களா?" என்று பெட்டியைப் பார்த்துக் கேட்டுவிட்டாள்.

வாத்தியார் எழுந்து பெட்டியின் பக்கக் கதவைத் திறந்தார். உள்ளே மூலையில் ஒரு சின்ன லேசர் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. காலையில் கண்ணாடிகளை நேர்படுத்த அவளே ஏற்றி வைத்தது. அணைக்க மறந்திருந்தாள்.

அவர் அணைக்கவில்லை. அவளைப் பார்த்தார்.

அணைத்தால் முள் நின்றுவிடும். அது அவளுக்குத் தெரியும். கொஞ்ச நேரம் அந்தத் துடிப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அணைத்தாள்.

முள் செத்துப்போனது.

அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள். "அப்ப அது என் ஆசைதான்."

"கடல்கிட்ட இன்னும் கேக்கவே இல்லையே நீ. இப்ப மூடியை எடு."

எடுத்தாள். அவர் குழாயை மெல்லத் திருப்பினார். கடலில் தெரிந்த திட்டுகள் ஒவ்வொன்றாகக் கடந்து போயின. முள் அசையவில்லை. திட்டே இல்லாத தென்கோடிக்குக் குழாய் வந்தபோது, முள் லேசாக நடுங்கியது.

இந்த முறை அவர் சொல்லாமலே அவள் மூடியைப் போட்டாள். நின்றது. எடுத்தாள். நடுங்கியது.

கண்ணுக்கு அங்கே எதுவும் இல்லை, வெள்ளை வெயிலைத் தவிர.

நடுக்கம் சட்டென்று நின்றது. பிறகு வந்தது. மறுபடியும் நின்றது. வந்தது. விளக்குக்கு முன்னால் எதுவோ வந்து மறைத்து மறைத்து விலகுவதுபோல இருந்தது. அவர் கொண்டுபோன லேசர் சூரியத் தகட்டில் ஓடுவது. அதை ஏந்த ஆள் வேண்டும் என்பதில்லை. ஏதாவது பலகையில் கட்டிக் கிடந்தாலும், வெயில் உள்ளவரை எரியும்.

உப்பளத்தின் அக்கரையில் பெண்கள் வரிசையாக வருவது தெரிந்தது. பொழுது சாயக்கூட அவர்கள் காத்திருக்கவில்லை. முன்னால் வந்தவள் கையில் வெள்ளைச் சேலை.

தில்லைநாயகி தாலியைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"மறைக்கிறது அவர் கையா, அலையா? சொல்லுங்க சார்."

வாத்தியார் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். மூலையிலிருந்த துடுப்பை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"இங்க நின்னு கேட்டா உனக்குள்ள எரியிற விளக்குதான் பதில் சொல்லும். வா, படகைத் தள்ளுவோம்."