குவித்து அளந்த படி

ஆவாரங்காட்டில் பொறிச்சி என்றொரு கௌதாரி இருந்தாள். சந்தேகப்படுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. ஒரு விதையைக் கொத்துவதற்கு முன் மூன்று முறை புரட்டிப் பார்ப்பாள். காற்று கொஞ்சம் திசை மாறினால்கூட, "இது ஏன் இந்தப் பக்கமாக வருகிறது?" என்று கழுத்தை நீட்டுவாள். அவளைக் குறை சொல்லவும் முடியாது. தரையில் முட்டையிடுகிற பறவை வேறு எப்படிப் பிழைக்கும்?

அந்த வருஷம் அவளுக்கு ஐந்து குஞ்சுகள். பொரித்த நேரம்தான் சரியில்லை. கோடை தொடங்கிவிட்டது. புல்லெல்லாம் காய்ந்து சருகாகிக் கிடந்தது. இனி மழை வரும் வரைக்கும் குகைத் தானியத்தை நம்பித்தான் அந்த ஐந்து வாயும் பிழைக்க வேண்டும்.

குகைத் தானியம் என்பது காட்டின் பொதுச் சொத்து. மழைக்குப் பிறகு புல்லரிசியும் காட்டுத்தினையும் விளையும். ஒவ்வொரு குடும்பமும் தான் சேர்த்ததில் பாதியைக் குகையில் கொண்டுபோய்க் கொட்டும். கோடையில் வெள்ளிக்கிழமைதோறும் குடும்பத்துக்கு மூன்று படி அளந்து கொடுப்பார்கள். ராஜா ஒரு காட்டுப்பன்றி. மந்திரி ஈட்டிராயர் என்ற முள்ளம்பன்றி. அளக்கிறவன் ஒரு மந்தி.

படி என்பது ஒரு மூங்கில் துண்டு. ஒரு முனையைக் கணு அடைத்திருக்கும், மறுமுனை திறந்திருக்கும். அளக்கிறவனைத் தவிர யாரும் அதைத் தொடக்கூடாது. தொட்டால் தானியம் விளங்காது என்று ராஜாவின் பாட்டனார் காலத்திலேயே சொல்லி வைத்துவிட்டார்கள். அது யாருடைய வசதிக்கு என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை!

மந்தி அளக்கும் அழகே தனி. முதல் படியை "ஒன்று" என்று சொல்ல மாட்டான். மங்கலமாக "லாபம்!" என்பான். அப்புறம்தான் "ரெண்டு! மூணு!" ஆனால் ஒவ்வொரு படியையும் ஒரு குச்சியால் தலைதட்டி விடுவான். மேலே நிற்கும் மணியெல்லாம் குகைக்குள்ளேயே விழுந்துவிடும்.

இதைப் பார்த்துப் பார்த்துக் காட்டுக்கே வயிறு எரிந்தது. ஒரு நாள் எல்லோரும் குகை வாசலில் கூடிவிட்டார்கள்.

"நாங்க கொண்டாந்து கொட்டும்போது யாராச்சும் தலைதட்டினீங்களா?" என்று கத்தியது முயல்.

"குவிச்சு அளங்க! இல்லாட்டி இந்த இடத்தை விட்டு நகர மாட்டோம்!" என்றது மயில்.

பொறிச்சியும் தன் பங்குக்குக் கத்தினாள். "அந்தக் குச்சி மேலதான் எனக்கு முதல்லேருந்தே சந்தேகம்!"

ஈட்டிராயர் முட்களைப் பணிவாக மடக்கிக்கொண்டு வெளியே வந்தார். ஒரு வாரம் அவகாசம் கேட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை, புத்தம் புதிய மூங்கில் படி ஒன்று எண்ணெய் பூசிப் பளபளவென்று வந்து நின்றது. பழையதைவிட உயரம்!

"மக்கள் குரலுக்கு அரசு தலைவணங்குகிறது!" என்று முழங்கினார் ஈட்டிராயர். "இனிமேல் தலைதட்டு கிடையாது! குச்சியை இதோ உங்கள் கண் முன்னாலேயே முறிக்கிறேன்! இன்று முதல் எல்லோருக்கும் குவித்தே அளக்கப்படும்!"

குச்சி முறிந்தது. காடே ஆரவாரம் செய்தது. முயல் ஆனந்தத்தில் அழுதேவிட்டது.

பொறிச்சி மட்டும் ஆரவாரத்தில் மயங்கவில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படியின் வாயையே பார்த்தாள். மந்தி அள்ளினான். படி நிறைந்தது. நிறைந்த பிறகும் மேலே கூம்பாகக் குவிந்தது. ஓரத்தில் நாலு மணி வழிந்து விழுந்தது. அதையும் பொறுக்கி உச்சியில் வைத்தான் மந்தி! "லாபம்! ரெண்டு! மூணு!"

"குறை சொல்ல ஒன்றுமில்லை" என்று பொறிச்சி மனம் குளிர்ந்தாள்.

அவளால் தானியம் கட்டிய தேக்கிலைப் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் போக முடியாது. அவள் புதரை ஒட்டிய வேலமரத்தில் அணில் மூணுகோடன் குடியிருந்தான். அவன்தான் வாரா வாரம் அந்தப் பொட்டலத்தைப் பல்லால் கவ்வி இழுத்து வந்து கொடுப்பான். "அக்கா, பிடிங்க!" என்று போட்டுவிட்டு, ஒரு மணிகூடக் கேட்காமல் மரமேறிவிடுவான்.

முன்பு தலைதட்டி அளந்த மூன்று படி வியாழக்கிழமை மாலை வரைக்கும் வரும். இப்போது குவித்து அளந்த மூன்று படி செவ்வாய்க்கிழமையே தீர்ந்துவிட்டது.

பொறிச்சிக்குப் புரியவில்லை. அடுத்த வாரமும் அப்படியே. புதன், வியாழன் இரண்டு நாளும் குஞ்சுகள் "பசிக்குதும்மா, பசிக்குதும்மா" என்று அவள் இறக்கைக்குள் முட்டி முட்டி அழுதன. கடைக்குட்டிக்கு நிற்கவே கால் வரவில்லை. தாய் மனசு என்ன பாடுபட்டிருக்கும்! நேரே மந்திரியிடம் போய் நின்றாள்.

"மந்திரியாரே, தானியம் குறையுது!"

"குறைகிறதா? படி நிறைந்திருந்ததா அம்மா?"

"நிறைஞ்சிருந்தது."

"குவிந்திருந்ததா?"

"குவிஞ்சிருந்தது."

"உங்கள் கண்ணாலேயே பார்த்தீர்களா?"

"கண் கொட்டாமப் பார்த்தேன்!"

"அப்படியானால் இங்கே குறையவில்லை" என்றார் ஈட்டிராயர் மெதுவாக. "இங்கிருந்து உங்கள் புதருக்குப் போவதற்குள் குறைகிறது. பொட்டலத்தை யார் தூக்கி வருகிறார்?"

பொறிச்சிக்குச் சுருக்கென்றது.

"நான் யாரையும் சொல்லவில்லை அம்மா! எல்லோரும் நல்லவர்கள்தான். சிலருக்குக் கன்னத்துக்குள்ளே இடம் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்!"

அவ்வளவு போதாதா? இருக்கிற சந்தேகத்துக்கு அவர் ஒரு விலாசமும் எழுதிக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து மூணுகோடன் பொட்டலத்தைப் போட்டதும் பொறிச்சி அவன் கன்னத்தைத்தான் பார்த்தாள். அவன் கொட்டாவி விட்டால் வாய்க்குள் எட்டிப் பார்த்தாள். அவன் பிள்ளைகள் மரத்தில் ஓடி விளையாடினால், "இதுகளுக்கு மட்டும் ஓட எங்கேயிருந்து தெம்பு வந்தது?" என்று முணுமுணுத்தாள்.

அவள் மட்டுமா? முயல் வளைக்கும் தானியம் போதவில்லை. ஈட்டிராயர் முயலிடம் மயிலைப் பற்றிச் சொன்னார். மயிலிடம் உடும்பைப் பற்றிச் சொன்னார். காட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதே நின்றுபோனது. வயிற்றைத்தான் பார்த்தார்கள்.

"திருட்டு பெருகிவிட்டது!" என்று அரசு அறிவித்தது. "ஆகவே சேவல் காவல் படை அமைக்கப்படுகிறது! காவலர்களுக்கும் சாப்பாடு வேண்டுமல்லவா? ஆகவே இனி குடும்பத்துக்கு இரண்டே படி!"

யாரும் எதிர்த்துப் பேசவில்லை. பக்கத்து வீட்டுத் திருடன் பிடிபட்டால் சரி என்று எல்லோரும் தலையாட்டினார்கள்.

அந்த வெள்ளிக்கிழமையே பொறிச்சி குகை வாசலில் நின்று கத்திவிட்டாள். "என் பிள்ளைங்க வயித்துல அடிக்கிறவன் இவன்தான்!"

மூணுகோடன் திகைத்துப் போனான். "அக்கா! நானா? என் வாயைத் திறந்து காட்டறேன், பாருங்க! என் பொந்துல வந்து தேடிப் பாருங்க! என் புள்ளைங்களும் ரெண்டு நாளா வேலம்பிசினைத்தான் நக்கிட்டுக் கிடக்குதுங்க!"

"திருடன் என்னிக்கு ஒத்துக்கிட்டான்?" என்றாள் பொறிச்சி.

தேடிப் பார்க்கும் சிரமத்தைச் சேவல்கள் எடுத்துக்கொள்ளவில்லை. அணில் குடும்பத்தைக் காய்ந்த ஓடைக்கு அந்தப்புறம் துரத்திவிட்டன. மூணுகோடன் போகும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். பொறிச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இனி ஒரு மணி குறையாது என்று அவளுக்கு நிம்மதி. பொட்டலத்தைத் தானே இழுத்து வந்தாள். வழியில் ஏழு இடத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். அலகு வீங்கிவிட்டது. ஆனால் தானியம் திங்கட்கிழமை காலையோடு சரி!

பொறிச்சி கணக்குப் போட்டுப் பார்த்தாள். படி இரண்டானால் நாளும் குறையத்தான் செய்யும். ஆனால் இவ்வளவா? அணில் எடுத்திருந்தால் இந்த வாரம் கூடியல்லவா இருக்க வேண்டும்? அவன்தான் இந்தப் பொட்டலத்தைத் தொடவே இல்லையே. அப்படியானால் எடுத்தது யார்?

அடுத்த வெள்ளிக்கிழமை ஐந்து குஞ்சுகளையும் கூட்டிக்கொண்டு குகைக்குப் போனாள். விட்டுவிட்டுப் போக அவளுக்குத் தைரியமில்லை. வரிசை நீண்டு கிடந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. மந்தி மயிலுக்கு அளந்துகொண்டிருந்தான். "லாபம்..."

அப்போது மேலே ஒரு நிழல் ஓடியது. பருந்து!

"கெக்! கெக்! கெக்!" என்று அலறிக்கொண்டு முதலில் ஓடியது சேவல் காவல் படைதான். மந்தி படியைப் போட்டுவிட்டு மரத்துக்குத் தாவினான். படி உருண்டு போய் ஒரு கல்லில் முட்டிப் படுத்தது. பருந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு எங்கோ போய்விட்டது.

பொறிச்சி குஞ்சுகளைத் தேடினாள். நான்கு, கள்ளிப் புதருக்கடியில் இருந்தன. கடைக்குட்டியைக் காணோம்!

"கீச்!" என்று படிக்குள்ளிருந்து குரல் வந்தது.

ஓடிப்போய்ப் படியின் வாய்க்குள் தலையை விட்டாள். உள்ளே குஞ்சு இல்லை. பாதி ஆழம்கூடப் போகவில்லை, அலகு டொக்கென்று கட்டையில் இடித்தது. மறுபடியும் "கீச்!" இந்த முறை குரல் கட்டைக்கு அந்தப்புறமிருந்து வந்தது. பொறிச்சி சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள். படியின் அடிப்பக்கம் ஆவென்று திறந்து கிடந்தது. அந்தப் பொந்துக்குள் கடைக்குட்டி சௌகரியமாக உட்கார்ந்திருந்தது!

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மூங்கிலைக் கணுவுக்கு ஒட்டி வெட்டாமல் வெகு கீழே தள்ளி வெட்டியிருக்கிறார்கள். பார்க்க உயரம். உள்ளே அரைப்படிக்கும் குறைவு! அந்த அரைப்படியின் தலையில்தான் இத்தனை நாள் கூம்பு கட்டி, லாபம் சொல்லி அளந்திருக்கிறார்கள்!

"தொடாதே! அது பொதுப்படி!" என்று மரத்திலிருந்து கத்தினான் மந்தி.

"தொடுவேன்! என் பிள்ளைங்க சோறு இதுக்குள்ளதான் காணாமப் போச்சு!" என்று படியின் மேல் ஏறி நின்றாள் பொறிச்சி. "எல்லாரும் வாங்க! அடிப்பக்கத்தைப் பாருங்க!"

முயல் வந்து பார்த்தது. மயில் பார்த்தது. உடும்பு உள்ளே தலையை விட்டுப் பார்த்தது. ஈட்டிராயர் வேகவேகமாக வந்தார்.

"அது காற்றில் சாயாமல் நிற்பதற்கான கால்! உறுதிக்காக வைத்தது! நிபுணர்கள் சொல்லி..."

"படிக்குக் கால் இருக்கட்டும்" என்றது முயல். "மிச்சத் தானியம் எந்தக் கால்ல நடந்து போச்சு?"

பதிலுக்குக் காத்திராமல் கூட்டம் குகைக்குள் பாய்ந்தது. வாசலில் தெரிந்த குவியலின் மேலே மட்டும்தான் தானியம், அடியெல்லாம் வெறும் உமி. அதற்குப் பின்னால் சுவரில் ஒரு பெரிய ஓட்டை. ஓட்டைக்கு அந்தப்பக்கம் ராஜாவின் உறவுக் கூட்டம் முழுவதும் தின்ற களைப்பில் படுத்துக் கிடந்தது! எழுந்து ஓடக்கூட அவர்களால் முடியவில்லை. ராஜாவையும் அவர் உறவுகளையும் மந்திரியையும் காட்டு எல்லைக்கு அப்பால் விரட்டி முடிக்கும்போது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. ஓட்டைக்குப் பின்னால் மீதமிருந்ததைத் திரட்டினால், வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி மழை வரைக்கும் ஓட்டிவிடலாம் என்று தெரிந்தது.

மறுநாள் காலையிலேயே பொறிச்சி ஓடையைத் தாண்டி ஓடினாள். ஒரு பட்டுப்போன பனைமரத்தில் மூணுகோடன் இருந்தான். எலும்பும் தோலுமாய் இருந்தான்.

"தம்பி! கண்டுபிடிச்சிட்டேன்! திருட்டு படியிலதான்! நீ எடுக்கல!"

"நான் எடுக்கலன்னு எனக்குத் தெரியும் அக்கா" என்றான் மூணுகோடன். "குஞ்சுங்க எப்படியிருக்கு?"

"அஞ்சும் பிழைச்சிடும். என்னை மன்னிச்சிடுப்பா. வா, நம்ம மரத்துக்கே போயிடலாம்."

அவன் கீழே இறங்கி வரவில்லை.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். காத்தைச் சந்தேகப்பட்டீங்க. குச்சியைச் சந்தேகப்பட்டீங்க. வாரா வாரம் பொட்டலம் இழுத்தவனைச் சந்தேகப்பட்டீங்க. அந்த மந்திரி என்னைப் பத்திச் சொன்னாரே, அதை மட்டும் ஏன் சந்தேகப்படலை?"

பொறிச்சி தலையைக் குனிந்துகொண்டு காலால் மண்ணைக் கீறினாள்.

"பசியைப் பொறுத்துக்கலாம்" என்றான் மூணுகோடன். "என் கன்னத்தையே பார்ப்பீங்களே, அதை இன்னொரு தடவை என்னால பொறுக்க முடியாது. நீங்க போங்க. வெயில் ஏறுறதுக்குள்ள குஞ்சுங்களுக்கு ஏதாச்சும் குடுங்க."

பொறிச்சி தனியாகத் திரும்பினாள். அடுத்த வெள்ளிக்கிழமை, கணுவுக்கு ஒட்டி வெட்டிய படி நிஜமாகவே நிறைந்தது. ஆனால் பொட்டலத்தைத் தூக்கித் தர ஆளில்லாமல், வழியெல்லாம் உட்கார்ந்து உட்கார்ந்து, அவளே அதை இழுத்துக்கொண்டு போனாள்.

ஆள்கிறவர்களின் படியைத் திருப்பிப் பார்க்காமல் அவர்கள் பேச்சைக் கேட்டு அண்டை வீட்டாரைத் திருடனென்று துரத்துகிறவர்கள், ஒரு நாள் உண்மை தெரிந்து வயிறு நிறைந்தாலும் துணையில்லாமல்தான் நிற்பார்கள்.