கேளைக்கு நாய்க்குரல் வந்த கதை

அந்தக் காலத்தில், மிருகங்களுக்கும் மனிதர்களுக்கும் ஒரே பேச்சாக இருந்தபோது, ஒரு மலைக்குடியில் இருட்டிய பிறகு ஒரு சத்தம் கேட்டது. நாய் குரைப்பது போலத்தான் இருந்தது. ஆனால் நாய் விடாமல் குரைக்கும். இது ஒருமுறை குரைத்தது, நின்றது, மறுபடி ஒருமுறை குரைத்தது. பதிலுக்குக் காத்திருப்பது போல.

குரைத்தது கேளையாடு. பெயரில்தான் ஆடு, உண்மையில் சின்னஞ்சிறு மான். அன்று மாலைவரை அதன் குரல் மூங்கில் ஊதல் மாதிரி மெல்லியதாக இருந்தது. குடியை ஒட்டிய புதரில் குட்டியைப் படுக்க வைத்துவிட்டு மேயப் போகும். திரும்பி வந்து அந்தக் குரலில் கூப்பிட்டால்தான் குட்டி எழுந்து வரும். வேறு சத்தம் எதற்கும் அசையாது.

அன்று ஓடைக்குப் போன கேளை, பாறைமேல் ஒரு சிறுத்தை குடியைப் பார்த்தபடி படுத்திருப்பதைக் கண்டது. நேரே ஊர்த்தலைவன் மூப்பனிடம் ஓடியது. தீப்பந்தத்தோடு நாலு பேர் வந்தால் சிறுத்தை போய்விடும், என் குட்டியும் பிழைக்கும், உங்கள் பிள்ளைகளும் பிழைக்கும் என்று கெஞ்சியது.

மூப்பன் வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டான். "இலை அசைந்தாலே ஓடுகிறவள் நீ. சிறுத்தையைப் பார்த்தாயா, பாறை நிழலைப் பார்த்தாயா?"

"வால் அசைந்தது ஐயா."

"காற்றில் புல் அசைந்திருக்கும். போய்க் குட்டியைப் பாரு தாயி."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். பானை உருண்டால் தன் பெண்டாட்டியும் பேய் என்றுதான் சொல்வாள் என்றான் ஒருவன். கேளை மறுபடியும் சொல்லிப் பார்த்தது. மெல்லிய குரல், மரியாதையான பேச்சு. அது யார் காதில் ஏறும்?

அந்த நேரம் பார்த்து மூப்பனின் நாய் குரைத்தது. அத்தனை பேரும் பந்தத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். குடியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று திரும்பி வந்து, நாயைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் படுத்தார்கள்.

கேளை நாயிடம் போய், என்னத்தைக் கண்டாய் என்று கேட்டது. ஒன்றையும் காணவில்லை, சும்மாதான் குரைத்தேன் என்றது நாய்.

கேளைக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "சும்மா குரைத்த உனக்கு ஊரே எழுந்து வருகிறது. கண்ணால் பார்த்த எனக்கு ஒருத்தனும் இல்லை. உன் குரலைக் கொடு."

"உன் குரலை எனக்குத் தரவேண்டும் அக்கா. தந்தால் உன் குட்டிக்கு உன்னை அடையாளம் தெரியாது."

"தெரியாமல் போகட்டும். உயிரோடு இருக்கட்டும்."

நாய் தன் குரலில் பாதியைத்தான் கொடுத்தது. கேளையின் குரலை முழுசாக வாங்கிக்கொண்டது. இன்றைக்கும் வாசலில் நாய் மெல்ல முனகினால் அது கேளையின் பழைய குரல்தான்.

கேளை குரைத்தது. மூப்பன் தலையை நீட்டிப் பார்த்தான். நிலவில் நிற்பது நாயில்லை என்று தெரிந்ததும், "மான் நாய் மாதிரி கத்துது பாரு, வெட்கங்கெட்டது" என்று சொல்லித் திரும்பிப் படுத்தான். மெல்லச் சொன்னால் கேட்கமாட்டார்கள். உரக்கச் சொன்னால் வெட்கங்கெட்டவள். பிறகு எப்படித்தான் சொல்வதாம்?

பழக்கமில்லாத குரலைக் கேட்ட குட்டி புதருக்குள் மூச்சடக்கிக் கிடந்தது. சிறுத்தை அதை ஒட்டியே கடந்து, குடிசைகளை நோக்கி நடந்தது.

கடைசிக் குடிசையில் சடைச்சி கைக்குழந்தையோடு தனியாக இருந்தாள். புருஷன் தினைக்காவலுக்குப் போயிருந்தான். கதவுக்குப் பின்னால் தாழ்க்கட்டை சும்மா சாய்ந்திருந்தது. தான் காவலிருக்கும் ஊரில் எவளும் கதவைத் தாழிடக் கூடாது, அது தனக்கு அவமானம் என்பது மூப்பன் போட்ட சட்டம்.

சடைச்சி அந்தக் குரைப்பைக் கேட்டாள். நடுவில் விழுந்த இடைவெளியையும் கேட்டாள். கூப்பிட்டுவிட்டு, யாராவது வருகிறார்களா என்று காது கொடுக்கிற இடைவெளி. இது நாயில்லை, தாய் என்று அவளுக்குப் பட்டது. எழுந்து தாழ்க்கட்டையை மாட்டினாள். மாட்டிய கை எடுக்குமுன் வெளியே கதவை நகம் பிராண்டியது.

விடிந்ததும் குட்டி தாயை மோந்து பார்த்து அறிந்துகொண்டது. மூப்பன் வந்தான். கதவில் இருந்த நகக்கீறலைப் பார்த்தும், யாரைக் கேட்டுத் தாழிட்டாய் என்றுதான் கேட்டான்.

"கேளையைக் கேட்டு" என்றாள் சடைச்சி.

அன்று முதல்தான் காட்டில் கேளை குரைத்தால், பிள்ளை பெற்றவள் வேறு யாரையும் கேட்பதில்லை. எழுந்துபோய் உள்ளிருந்து தாழ்ப்பாளைப் போட்டுவிடுகிறாள்.