கல்லில் நின்ற சடையன்

நரை விழுந்த பிறகும் மணவாளன் சீடன்தான். குரு வடிவம்மையின் முன்னால் கைகட்டித்தான் நிற்பான். அன்றைக்கு மட்டும் கைகட்ட முடியவில்லை. கக்கத்தில் ஒரு சுவடிக்கட்டு இருந்தது.

"என்னடா அது?"

"கொடுவாள் சடையன் கதைகள், அம்மா. ஆடிப்பெருக்கு வருதில்லையா? ஊரில் எல்லாரும் பழைய சுவடிகளை ஆற்றோடு விடுவாங்க. இதையும் விட்டுடலாம்னு இருக்கேன். உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லாம விட மனசு வரலை."

அம்மையின் முகம் வாடிவிட்டது. அந்தக் கதைகளை எழுதிய ஏகாம்பரமும் அவளிடம் படித்தவன்தான். மணவாளனுக்கு உயிர்த்தோழன். ஒற்றை வாளோடு ஊர் ஊராய்ப் போய் மந்திரவாதிகளை வம்புக்கு இழுக்கிற சடையன், அவன் கற்பனையில் பிறந்த பிள்ளை. கடைசிக் கதையில் ஒரு மந்திரவாதி சாபம் போட்டு, சடையன் இடுப்புவரை கல்லாகிவிட்டான். ஏடு அந்த இடத்தில் நின்றுவிட்டது. எழுதியவனைப் போன வருஷம் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. "நீ முடிச்சுடுடா" என்று மணவாளனின் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடினான், பாவி.

"முடிக்கிறேன்னு வாக்குக் கொடுத்தியே?"

"எழுதாமலா இருந்தேன்? எழுதி எழுதி அடுப்பில் போட்டதுதான் மிச்சம். அவன் எழுத்து மாதிரி வரமாட்டேங்குது, அம்மா. ஒவ்வொரு சண்டை முடிஞ்சதும் சடையனுக்கு வயிறார ஒரு விருந்து வைப்பான். நானும் வச்சேன். கதைக்குக் கதை குதிரையை எங்கேயாவது கட்டிப்போட்டுட்டு அவிழ்க்க மறந்துடுவான். நானும் கட்டிப்போட்டு மறந்தேன்."

"வேணும்னே மறந்தியா?"

"ஒட்டு தெரியக்கூடாதில்லையா?"

அம்மைக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவனுக்கு வரவில்லை.

"அவன் இருந்திருந்தா என்ன எழுதியிருப்பான்? நீங்களாவது சொல்லுங்கம்மா. அது தெரியாம எனக்கு ஒரு வரிகூட ஓடாது."

"ஆற்றுக்கு வா."

ஆற்றில் இன்னும் வெள்ளம் வரவில்லை. கரைக்குக் கரை மணல்தான்.

"தோண்டு. இடுப்பளவு தோண்டு."

ஏன் என்று கேட்டால் திட்டு விழும். கேட்காமல் தோண்டினான். அடியில் ஈரம் கசிந்தது.

"இறங்கி நில்லு."

நின்றான். அம்மை மணலைத் தள்ளி, அவனைச் சுற்றி நன்றாக மிதித்து இறுக்கினாள். பிறகு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து சுவடிக்கட்டைப் பிரித்தாள்.

"ஆகா! இந்தப் பாம்புக்கோட்டைச் சண்டையைப் படிச்சியா? வாளை உருவுற சத்தம் காதில் விழுதேடா!"

"ஆமாம்மா, அது அவன் ஒரே மூச்சில் எழுதினது." மணவாளனுக்குக் கண் கலங்கியது. கேட்கக் கேட்க இனித்தது.

அம்மை அடுத்த ஏட்டைப் புரட்டினாள். அதற்கடுத்த ஏட்டையும் புரட்டினாள். வெயில் ஏறியது. மணலுக்கு மேலே முதுகு காய்ந்தது, கீழே ஈரம் எலும்புவரை ஏறியது. கட்டெறும்பு ஒன்று இடுப்பைச் சுற்றி ஊர்ந்தது.

"அம்மா..."

"இருடா. இந்த விருந்தைக் கேளு. நண்டுக் குழம்புக்கு என்னமா ஒரு வர்ணனை! என் ஏகாம்பரத்துக்கு எப்படி ஒரு கை அமைஞ்சிருந்தது!" சொல்லும்போதே அவள் குரல் உடைந்தது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தாள். அவனைப் பார்க்கவே இல்லை.

கால் இருக்கிறதா என்றே மணவாளனுக்குத் தெரியவில்லை. விரலை அசைத்துப் பார்த்தான். அசையவில்லை. பயம் வந்துவிட்டது.

"அம்மா! அவன் எழுத்தை அப்புறம் பேசலாம். கால் மரத்துப் போச்சு. முதல்ல என்னை வெளியே எடுங்க!"

அம்மை சுவடியை மூடி வைத்தாள். அவன் முன்னால் மண்டியிட்டு, இரண்டு கையாலும் மணலை அள்ளத் தொடங்கினாள்.

"சடையனும் போன வருஷத்திலேர்ந்து உன்கிட்ட இதைத்தானேடா கத்திக்கிட்டு நிக்கிறான்."