கரடி துப்பிய காப்பி

வேலாச்சி என்ற முள்ளம்பன்றியின் மகளை மலைக்கு அந்தப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவளுக்கு இன்றோ நாளையோ தலைப்பிரசவம். தாய் பக்கத்தில் இல்லாவிட்டால் பிள்ளை பயந்துபோகுமே! வேலாச்சி மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டது.

கணவாயைக் கடக்கும் வழி சடையன் என்ற கரடிக்கு மட்டும்தான் தெரியும். அதைத் துணைக்கு அழைத்தது. கொண்டையன் என்ற குரங்கு யாரும் கூப்பிடாமலே வந்து சேர்ந்துகொண்டது.

விடிந்ததும் கணவாயின் அடிவாரத்தில் சடையன் உட்கார்ந்துவிட்டது. காப்பி குடிக்காமல் தனக்குக் கண் தெளியாது, தெளியாத கண்ணோடு பாறை விளிம்பில் நடந்தால் மூன்று பேரும் பள்ளத்தில்தான் என்றது. நியாயமான பேச்சுதான். ஆனால் வெயில் ஏறியதும் மேலே மூடுபனி கவிந்துவிடும். பிறகு நாளைக் காலைவரை வழி கிடையாது.

வேலாச்சியிடம் இரண்டு கைப்பிடி காப்பிப்பொடி இருந்தது. அவசர அவசரமாக மூன்று கல்லைக் கூட்டிச் சட்டியில் தண்ணீர் வைத்து, ஈரச் சுள்ளியை ஊதி ஊதிப் பற்றவைத்தது. தண்ணீர் சுடுவதற்குள் ஒரு கைப்பிடியைக் கொட்டி, கருப்பட்டியைப் போட்டது. கொண்டையன் சும்மா இருக்குமா? ஒரு குச்சியை உள்ளே விட்டு ஓயாமல் கலக்கியது. கலங்கலோடு கலங்கலாகத் தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றிக் கொடுத்தார்கள்.

சடையன் ஒரு வாய் குடித்துத் துப்பியது. "ஏம்மா, இது காப்பியா, சேறா?" என்று சட்டியையும் கவிழ்த்துவிட்டது.

குரங்கும் கரடியும் ஒன்றை ஒன்று குறை சொல்லிக் கத்தின. வேலாச்சிக்கு அழுகை முட்டியது. தலை குனிந்தபோது சடையன் கீழே வைத்திருந்த சிரட்டை கண்ணில் பட்டது. அதில் மிச்சமிருந்த காப்பி ஆறிப்போயிருந்தாலும், மண்டி அடியில் தங்கி மேலே பளிச்சென்று தெளிந்திருந்தது. அதை அத்தனை நேரம் யாரும் தொடவில்லை.

வேலாச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டது. காய்ந்த சுள்ளியாகப் பொறுக்கி வந்தது. தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்வரை காத்திருந்தது. சட்டியை இறக்கிவைத்து, மிஞ்சிய கைப்பிடிப் பொடியையும் கருப்பட்டியையும் போட்டது. மண்டி அடியில் படியட்டும் என்று மேலே கொஞ்சம் சுனைத் தண்ணீரைத் தெளித்து மூடியது.

உச்சிப் பாறையை மூடுபனி தொட்டுவிட்டது.

"அக்கா, பனி வந்துடுச்சு! ஒரு கலக்குக் கலக்கி ஊத்துங்க!" என்று கொண்டையன் மூடியின் மேல் கை வைத்தது.

வேலாச்சி சட்டிக்குக் குறுக்கே நின்று உடம்பிலுள்ள முள்ளையெல்லாம் சிலிர்த்துக்கொண்டது.

"என் மக அங்க தனியா கெடக்கா. உன்னைவிட எனக்குத்தான் அவசரம். கையை எடு!"

குரங்கு கையை எடுத்தது. மண்டி அடங்கும்வரை வேலாச்சி அசையவில்லை. பிறகு சட்டியை ஆடாமல் சாய்த்து ஊற்றியது. சடையன் மூன்று சிரட்டை குடித்தது. நான்காவதைக் கேட்கவில்லை, எழுந்து நடந்தது.

பனி முதுகைத் தொடும்போது மூவரும் கணவாயைத் தாண்டியிருந்தார்கள். பொழுது சாய்வதற்குள் வேலாச்சி மகளின் தலையை மடியில் வைத்திருந்தது. பேரப்பிள்ளை அதற்கு அப்புறம்தான் பிறந்தது.

அவசரமான வேலையைத்தான் அவசரப்படாமல் செய்ய வேண்டும்.