அரசர் தோளில் ஏறிய சிங்கம்

"மாமா, ராஜா வலது பக்கம் மட்டும் ஏன் இம்புட்டுக் கனக்காரு?"

"சிங்கத்தையும் சேத்துல்லா தூக்குதோம்! நாமளாவது நூறடிக்கு ஒருக்கா தோள் மாத்துதோம். அவரு மாத்தவே மாட்டாரே!"

அரண்மனைக் குளத்தில் பல்லக்குத் தூக்கிகள் இருவர் தோளுக்கு எண்ணெய் தேய்த்தபடி பேசிக்கொண்டார்கள். அது படிக்கட்டில் கால் கழுவிக்கொண்டிருந்த அவைப் புலவன் தாண்டவராயன் காதில் விழுந்தது. அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு அவைக்குப் போனான்.

வெண்கரைச் சீமையின் அரசர் வீரகண்ட பூபதிக்கு இரண்டு மாதமாக வலத்தோளில் வலி. கை மேலே எழும்பவில்லை. இடப்பக்க மீசை முறுக்கேறி நிற்கும். வலப்பக்க மீசையோ மழையில் நனைந்த வைக்கோல்போலத் தொங்கும். அரசர் மீசையை இன்னொருவர் முறுக்குவது மரபில்லை. அதனால் எல்லோரும் அவருடைய இடப்பக்கமாக நின்றே பேசினார்கள்.

சிங்கத்தின் கதை வேறு. போன ஆண்டு பக்கத்துச் சீமையோடு ஒரு போர் நடந்தது. நண்பகலில் தொடங்கியது. மழை வந்ததும் எதிரிகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அந்த வெற்றிக்காக அரசர் மூன்று வீசை எடை வெண்கலத்தில் ஒரு சிங்கமுகம் வார்க்கச் சொல்லி வலத்தோளில் பூட்டிக்கொண்டார். குளித்தாலும் உறங்கினாலும் அது தோளில்தான். 'இதைக் கழற்றச் சொல்பவனின் தலை போகும்' என்று முரசறைந்தும் விட்டார்.

வலியைப் போக்கத் தெற்கிலிருந்து மாடக்கண்ணு ஆசான் வந்திருந்தார். எலும்பைத் தட்டி, நரம்பை நீவி, மூட்டை இடம் சேர்ப்பதில் கைதேர்ந்தவர். பன்னிரண்டு நாளாகச் சிங்கத்தின் தாடைக்கு அடியில் விரலை விட்டு நீவிக்கொண்டிருந்தார். மாலையில் வலி குறையும். காலையில் திரும்பிவிடும்.

அன்று அரசர் பொறுமை இழந்தார்.

"ஆசானே, இன்னும் எத்தனை நாள்?"

"அது உடம்பைப் பொறுத்தது, அரசே."

"உடம்பைப் பொறுத்ததா? இது அரசர் உடம்பு!"

"தோளுக்கு அது தெரியாதுங்களே."

அரண்மனை வைத்தியர் ஏகாம்பரம் முன்னால் வந்தார். ஆசான் வந்த நாளிலிருந்து அவருடைய தைலத்தை யாரும் சீந்தவில்லை.

"நல்ல கையாக இருந்தால் மூன்று நாள் போதும், அரசே. இவர் கைக்கு அரண்மனை நெய்ச்சோறு பழகிவிட்டது."

"அப்படியா? மூன்றே நாள்! அதற்குள் தோள் சரியாகாவிட்டால் ஆசானின் கட்டைவிரல் இரண்டையும் வெட்டுங்கள்!"

ஆசான் கட்டைவிரல்களை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டார். அவருக்குச் சோறு போடுவது அந்த இரண்டு விரல்கள்தான்.

தாண்டவராயன் எழுந்தான். இடப்பக்கமாக வந்து நின்றான்.

"அரசே, மூன்று நாள் கணக்கை முதலில் வேறொரு தோளில் சோதித்துப் பார்ப்போமே. திருமேனியிலா பார்ப்பது?"

"யார் தோளில்?"

"அடித்துச் சொல்கிறாரே, வைத்தியர். அவர் தோளில்தான்."

"எனக்குத்தான் வலியே இல்லையே!" என்றார் ஏகாம்பரம்.

"அதற்கென்ன? வார்ப்புக்காரரிடம் சிங்கத்தின் அச்சு பத்திரமாக இருக்கிறது. அரசரைப் போலவே நீரும் இரவு பகலாக அணிந்துகொள்ளும். வலி வந்ததும் ஆசான் நீவட்டும். மூன்று நாளில் குணமானால் உம் வாக்கு பலித்தது."

அரசருக்கு நிகராகச் சிங்கம்! ஏகாம்பரத்தின் நெஞ்சு அங்கேயே நிமிர்ந்தது. அரசரும் தலையசைத்தார்.

புதுச் சிங்கம் தோளில் ஏறிய முதல் நாள் ஏகாம்பரம் தேவையில்லாமல் கடைத்தெருவில் நான்கு முறை நடந்தார். இரண்டாம் நாள் ஒருக்களித்து நடந்தார். மாலையில் ஆசான் நீவினார். சுகமாக இருந்தது. விடிந்ததும் வலி வந்துவிட்டது. மூன்றாம் நாள் இடக்கையால் சோறு அள்ளினார். வீட்டம்மா தலையில் அடித்துக்கொண்டாள். நான்காம் நாள் பிடரி அரித்தது. சொறிய ஆள் தேடினார். ஐந்தாம் நாள் அவையில் அரசரை வணங்கக் கை தூக்கியவர் அலறிவிட்டார்.

"ஐயோ, கழற்றுங்கள்! இந்தப் பாழாய்ப்போன சிங்கத்தைக் கழற்றுங்கள்!"

அரசரின் கை வாளை நோக்கிப் போனது. பாதி வழியில் "ஸ்ஸ்" என்று நின்றது.

"அரசே, அவர் தம் சிங்கத்தைச் சொன்னார்," என்றான் தாண்டவராயன்.

வைத்தியரின் சிங்கத்தைக் கழற்றினார்கள். ஆசான் தோளைப் பிடித்து, ஓர் அழுத்து அழுத்தி, மெல்ல ஒரு சுற்றுச் சுற்றினார். ஏகாம்பரம் கையை உயர்த்தினார். தம் பிடரியைத் தாமே சொறிந்துகொண்டார். கண்ணில் நீர் வந்துவிட்டது.

அரசர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆசானே, இவருக்கு இன்னும் எத்தனை நாள்?"

"அஞ்சு நாள் சுமைதானே, அரசே. ரெண்டு தடவை நீவினால் போதும். ஒரு வருசத்துச் சுமையென்றால் மூணு வாரமாவது ஆகும்."

"மூன்று வாரம் என்றால், எப்போதிலிருந்து?"

ஆசான் வாயைத் திறந்தார். தம் கழுத்தைத் தடவிப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

"வைத்தியரே, சற்றுமுன் ஏதோ கத்தினீரே. அதை என்னைப் பார்த்து ஒருமுறை சொல்லும்."

"நானா? நினைவே இல்லையே, அரசே!"

"தாண்டவராயா, நீயாவது சொல்லேன்!"

"மாட்டேன், அரசே. எனக்கு இருப்பது ஒரே தலை. ஆனால் ஒன்று. உங்கள் பல்லக்குத் தூக்கிகள் நூறடிக்கு ஒருமுறை தோள் மாற்றுகிறார்கள். 'மாற்று' என்று யாராவது முரசறையட்டும் என்று அவர்கள் காத்திருப்பதில்லை."

அரசர் முறைத்தார். பிறகு மீசையின் ஒரு பக்கம் துடித்தது. வயிறு குலுங்கச் சிரித்தார். நடுவில் வலித்தது. "ஆ!" என்றார். மறுபடியும் சிரித்தார். இடக்கையால் கொக்கியைத் தாமே விடுவித்து, சிங்கத்தை மடியில் இறக்கினார்.

மூன்று வாரம் ஆசான் நீவினார். கடைசி நாள் அரசர் அவைக்கு வந்து அமர்ந்தார். எல்லோரும் பார்க்க வலக்கையை உயர்த்தி, வலப்பக்க மீசையை முறுக்கினார். ஆசானின் இரண்டு கட்டைவிரல்களுக்கும் தங்க மோதிரம் போட்டார்.

"தாண்டவராயா, உனக்கும் பரிசு உண்டு. வா!"

மூன்று வீசைச் சிங்கம். பளபளவென்று துலக்கியிருந்தது.

தாண்டவராயன் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். குனிந்து வணங்கினான். நேரே கோட்டை வாசலுக்கு நடந்தான். அங்கே நின்ற கல் துவாரபாலகரின் வலத்தோளில் அதை மாட்டிவிட்டு வீட்டுக்குப் போனான்.