மண்ணாந்தை நாட்டுச் சபைகள் பாலம் போட்ட வரலாறு

மண்ணாந்தை நாடு எங்கே இருக்கிறது என்று யாரும் தேடிப் போக வேண்டாம். அந்த நாட்டுக்காரர்களே அவ்வப்போது தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். நாட்டுக்கு நடுவில் ஓர் ஆறு. கிழக்குக் கரையில் ஒரு சட்டசபை, மேற்குக் கரையில் இன்னொரு சட்டசபை. இரண்டும் சரி என்று சொன்னால்தான் எந்தக் காரியமும் நடக்கும். ஒரு சபை செய்கிற தப்பை இன்னொரு சபை தடுக்கட்டும் என்று முன்னோர் இப்படி வைத்தார்கள். எதுவுமே நடக்காததால் தப்பும் நடக்கவில்லை.

நான் சொல்லப் போகிற சபைக் காலத்தில் கிழக்கு, உலக்கைக் கட்சியிடம் இருந்தது. மேற்கு, முறக் கட்சியிடம் இருந்தது. இரண்டு கட்சிகளையும் தொடங்கிய தலைவர்கள் சாகும்போது, "என்ன வந்தாலும் சின்னத்தை மட்டும் கையை விட்டு விட்டுராதீங்க" என்று சொல்லிவிட்டுச் செத்திருந்தார்கள். தொண்டர்கள் தலைவர் பேச்சைத் தட்டாதவர்கள். உலக்கைக் கட்சி உறுப்பினர்கள் உலக்கையைக் கட்டிக்கொண்டுதான் தூங்கினார்கள். முறக் கட்சி உறுப்பினர்கள் முறத்தோடுதான் குளித்தார்கள்.

ஆற்றுக்கு ஒரே ஒரு மரப்பாலம். புதிய சபை கூடிய முதல் மழையிலேயே பாலத்தின் நட்டநடுவில் பலகைகள் பெயர்ந்து, ஒரு மாடு விழுகிற அளவுக்கு ஓட்டை உண்டானது. ஒரு மாடு விழவும் செய்தது. விழுந்த மாடு எழுந்து, தண்ணீரில் நடந்து, கரையேறி வீட்டுக்குப் போய்விட்டது. கரையில் 'ஆழம் அதிகம், இறங்காதே' என்று ஒரு பலகை உண்டு. எந்தக் காலத்து வெள்ளத்திலோ வைத்தது. அதைப் பிடுங்க இரண்டு சபையும் சம்மதிக்க வேண்டும் என்பதால் அப்படியே நின்றது. மாடு எழுதப் படிக்கத் தெரியாதது, பிழைத்துக்கொண்டது. மனிதர்கள் படித்தவர்கள், ஒருவரும் இறங்கவில்லை.

இதில் வசமாக மாட்டிக்கொண்டவள் கிழக்குக் கரைப் பேச்சி. மேற்குக் கரை மாசானத்துக்கும் அவளுக்கும் கல்யாணம் பேசி முடித்த மறுவாரம்தான் ஓட்டை விழுந்தது. தினமும் சாயங்காலம் இவள் இந்தக் கரையில் நிற்பாள், அவன் அந்தக் கரையில் நிற்பான். பாவம், அவளுக்கு அவனையும் அவனுக்கு அவளையும் நிஜமாகவே பிடித்திருந்தது. பேச்சி, கிழக்குச் சபைத் தலைவர் கொம்பையாவிடம் போனாள்.

"அண்ணாச்சி, அந்த ஓட்டைய அடைச்சுத் தாங்க. எனக்குக் கல்யாணம்."

"அடைச்சுரலாம் தாயி. ஆனா ஓட்டைன்னா உள்ள என்ன இருக்குன்னு தெரியாம அடைச்சா நாளைக்கு ஊரு கேக்கும்லா?"

கிழக்குச் சபை ஒரு குழுவைப் பாலத்துக்கு அனுப்பியது. குழு குனிந்து பார்த்து, ஓட்டைக்குள் தண்ணீர் இருக்கிறது என்று வந்து சொன்னது. மேற்குச் சபையும் ஒரு குழுவை அனுப்பியது. அவர்கள் கரையோரம் பாலத்துக்கு அடியில் மல்லாக்கப் படுத்து, அண்ணாந்து பார்த்து, ஓட்டைக்குள் வானம் இருக்கிறது என்றார்கள்.

"தண்ணிய வானம்ங்கான். இவனுகளோட எப்படிவே சபை நடத்த?" என்றார் கொம்பையா.

"ஓட்டைக்குள்ள மேகம் போறத எங்க ஆளு கண்ணால பாத்திருக்கான்," என்று அக்கரையிலிருந்து கத்தினார் மேற்குச் சபைத் தலைவர் தளவாய்.

தண்ணீரா வானமா என்பதிலேயே சபைக் காலத்தில் பாதி போய்விட்டது. மீதிப் பாதி, ஓட்டையை மரத்தால் அடைப்பதா கல்லால் அடைப்பதா என்பதில் போயிற்று. உலக்கை மரம் என்பதால் கிழக்குக்கு மரம்தான் வேண்டும். கிழக்கு மரம் என்பதால் மேற்குக்குக் கல்தான் வேண்டும். மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டு வரும்படி பிச்சாண்டி என்ற உறுப்பினரைக் கொம்பையா அனுப்பினார். பிச்சாண்டி ஊரெல்லாம் சுற்றிவிட்டு வந்து தன் இடத்தில் உட்கார்ந்தார்.

"கேட்டீரா?"

"கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"கேட்டு வரத்தானே சொன்னீக அண்ணாச்சி? கேட்டேன், வந்துட்டேன். சொல்லச் சொல்லலையே."

சபை அதை ஒப்புக்கொண்டது. உத்தரவில் பிழை இருந்ததே தவிர பிச்சாண்டியிடம் பிழை இல்லை.

சபைக் காலத்தின் கடைசி வருஷம் கார்த்திகையில் மாசானத்தின் அம்மா கரைக்கு வந்து, மார்கழி பிறப்பதற்குள் பெண் வராவிட்டால் இந்தக் கரையிலேயே வேறு பெண் பார்த்துவிடுவேன் என்று சத்தம் போட்டுச் சொல்லிவிட்டாள். பேச்சி கல்யாணச் சேலையைக் கட்டிக்கொண்டு நேராகக் கிழக்குச் சபைக்குள் வந்து நின்றாள். அவள் கண்ணில் தண்ணீரைப் பார்த்ததும் கொம்பையாவுக்கும் அழுகை வந்துவிட்டது. நல்ல மனிதர்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். சபைகளுக்குள் பிணக்கு வந்தால் இருவரும் நடுவில் வந்து பேசித் தீர்க்கவும் என்று அதில் போட்டிருந்தது.

"நாட்டுக்கு நடு ஆறு. ஆத்துல நடுன்னா பாலத்து நடு. பாலத்துல நடுன்னா ஓட்டை," என்றார்.

"ஓட்டையில எப்படி அண்ணாச்சி உக்கார?" என்றார் பிச்சாண்டி.

"அத நாம முடிவு பண்ண முடியாது. சட்டம்."

இரண்டு சபைகளும் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இரண்டிரண்டு பேராகப் பாலத்தில் ஏறின. ஓட்டையில் யார் முதலில் உட்காருவது என்று பேச்சு ஆரம்பித்தது. பழைய பாலம் அத்தனை உறுப்பினரைத் தாங்கியிருக்கும். அத்தனை உலக்கையைத் தாங்கவில்லை. ஒரு கரையிலிருந்து மறு கரை வரை மொத்தப் பாலமும் சரிந்து தண்ணீரோடு போயிற்று. இரண்டு சபைகளும் நின்ற வரிசை கலையாமல் ஆற்றுக்குள் நின்றன. தண்ணீர் மார்பளவு இருந்தது. சின்னம் கையை விட்டுப் போகாமலிருக்க, உலக்கைக்காரர்கள் ஜோடி ஜோடியாக உலக்கைகளைத் தோளில் குறுக்கே தாங்கினார்கள். முறக்காரர்கள் முறத்தைத் தலையில் கவிழ்த்துக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். பிறகு எல்லோருமாகச் சேர்ந்து, "ஐயோ முழுகுறோம், காப்பாத்துங்க" என்று அலறினார்கள்.

பேச்சி கரையிலிருந்து பார்த்தாள். "அண்ணாச்சி, நிக்கீங்களே."

"நிக்க மாதிரிதான் தெரியுது தாயி. ஆழம்னு பலகையில போட்டிருக்கே. அதனால முழுகிக்கிட்டுத்தான் இருக்கோம்."

அக்கரையில் மாசானம் நிற்பதைப் பார்த்தாள் பேச்சி. "தண்ணியில இறங்கத்தான் கூடாது. உலக்கை மேல ஏறக் கூடாதுன்னு எங்கயும் பலகை இருக்கா?"

கொம்பையா யோசித்தார். "இல்ல."

"முறத்து மேல?"

"இதுவரைக்கும் இல்லம்மா," என்று மேற்கிலிருந்து குரல் கொடுத்தார் தளவாய்.

பேச்சி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உலக்கை உலக்கையாக மிதித்துப் பாதி ஆற்றைத் தாண்டினாள். மீதியைத் தலை தலையாகத் தாண்டினாள். மாசானம் கையைக் கொடுத்து அவளைக் கரையில் தூக்கிவிட்டான். அவள் பின்னாலேயே சொந்தக்காரர்கள், மேளக்காரர்கள், சமையல்காரர்கள், அண்டா எல்லாம் அதே வழியில் போய்ச் சேர்ந்தன. கல்யாணம் ஜாம்ஜாம் என்று நடந்தது.

தண்ணீருக்குள் கொம்பையாவுக்கு மெதுவாக ஒரு விஷயம் உறைத்தது. "வே தளவாய், நாம பாலம் போட்டுட்டோம்வே. எங்க பாதி பூரா மரம்."

"எங்க பாதி பூரா மண்டை. கல்லுன்னே எழுதிக்கிடலாம்," என்றார் தளவாய்.

அந்தச் சபைக் காலத்திலேயே முதல்முறையாக இரண்டு சபைகளும் ஒரே குரலில் சட்டம் இயற்றின. பாலம் போடப்பட்டது, இரண்டு சபைகளின் சம்மதம் இல்லாமல் அதை யாரும் அகற்றக் கூடாது. இயற்றி முடித்தபோது பந்தியிலிருந்து சாம்பார் வாசனை வந்தது. கரையேறலாம் என்று எல்லோருக்கும் ஆசை. வலது காலை முதலில் எடுக்க வேண்டும் என்றது கிழக்கு. இடது கால்தான் என்றது மேற்கு. அதனால் நின்றுகொண்டே இருந்தார்கள்.

தையில் தேர்தல் வந்தது. அதே ஆட்களையே மக்கள் ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள். இவர்கள் மாதிரி உபயோகமான சபையை அவர்கள் கண்டதில்லை.

புதிய பாலத்தைப் பற்றி மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளக் கொம்பையாவுக்கு ஆசை வந்தது. இந்த முறை உஷாராக, "பிச்சாண்டி, போய்க் கேட்டுச் சொல்லும்," என்றார். சட்டம் வந்தபின் ஒருவரும் நகராத இடத்திலிருந்து, உத்தரவு என்பதால் பிச்சாண்டி மட்டும் உலக்கையோடு மேற்குக் கரையில் ஏறினார். ஊரெல்லாம் கேட்டார். கரையில் நின்று, "பாலம் ரொம்ப நல்லாருக்காம் அண்ணாச்சி," என்று சொன்னார். வரும்படி யாரும் சொல்லாததால் அப்படியே மாசானம் வீட்டுக்குச் சாப்பிடப் போய்விட்டார்.

அவர் நின்ற இடத்தில் இப்போது பாலத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. அதற்குள் இருப்பது தண்ணீர் என்று கிழக்குச் சபைக் குழு பார்த்துச் சொல்லிவிட்டது. மேற்குச் சபைக் குழு, அண்ணாந்து பார்ப்பதற்காக, இப்போதுதான் மூச்சை அடக்கிக்கொண்டு முங்கியிருக்கிறது.