ஏரியில் மிதந்த பொய்முடிகள்

இன்றைய ஊர்களெல்லாம் காடாகக் கிடந்த காலம் அது. ஆலங்கரையை மருதவேள் என்ற அரசன் ஆண்டுவந்தான். நல்ல மனுஷன்தான். ஆனால் ஒரு விஷக்காய்ச்சல் வந்து அவன் தலைமுடியை மொத்தமாகக் கொண்டுபோய்விட்டது, பாவம்!

கூத்தாடிகளுக்குப் பொய்முடி கட்டித்தரும் சடையனை அரசன் யாருக்கும் தெரியாமல் அழைத்தான். சடையன் தோள்வரை புரளும் முடி ஒன்றைக் கட்டி, பிசின் தடவி ஒட்டினான்.

"மகாராசா, காத்தடிச்சாலும் நிக்கும். குதிரை குதிச்சாலும் நிக்கும். தண்ணி பட்டா மட்டும் கழண்டுரும்" என்றான்.

"வெளியே சொன்னால் உன் தலை இருக்காது" என்றான் அரசன்.

சடையன் ஏன் சொல்லப்போகிறான்? அவன் தலையும் வழுக்கைதான். தான் கட்டிய முடியைத்தான் அவனும் ஒட்டிக்கொண்டு திரிந்தான்.

மறுநாள், காய்ச்சலுக்குப் பிறகு முதன்முறையாக வெளியே வந்த அரசனைப் பார்த்து ஊரே வாயைப் பிளந்தது. "இதே மாதிரி எனக்கும்!" என்று ஆண்களெல்லாம் சடையன் வீட்டுக்கு ஓடினார்கள். அமைச்சர் இருந்த நல்ல முடியை மழித்துவிட்டு ஒரு சாண் உயரத்துக்குப் பொய்முடி வைத்துக்கொண்டார். தளபதி இரண்டு சாண் வைத்தார். வணிகர் தலைவர் மூன்று சாண் வைத்துவிட்டு, வாசல்தோறும் குனிந்து குனிந்து போனார்! அரசனுடையதும் பொய்முடி என்று ஒருவருக்கும் தெரியாது.

அப்போதுதான் மலையில் பேய்மழை கொட்டி ஏரி நிரம்பியது. அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஏரி நிரம்பினால் அரசன் அதில் மூன்று முறை முங்கி எழ வேண்டும். அதற்குப் பிறகுதான் மதகைத் திறப்பார்கள்.

முதல் நாள் "நாள் சரியில்லை" என்றான் அரசன். இரண்டாம் நாள் "தலைவலி" என்றான். மூன்றாம் நாள் கரையில் நீர் கசியத் தொடங்கியது. ஊரே கரையில் கூடிவிட்டது. அரசன் படித்துறையில் அசையாமல் நின்றான்.

காரணம் தெரிந்தவன் சடையன் ஒருவன்தான். கரைக்கு நேர் கீழேதான் அவன் வீடு. மனைவியும் மூன்று பிள்ளைகளும் அங்கே இருந்தார்கள். சொன்னால் தலை போகும், சொல்லாவிட்டால் ஊர் போகும்.

சடையன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு படித்துறைக்கு ஓடினான். அரசனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தன் முடியைப் பிய்த்து ஏரியில் எறிந்தான்!

"பாத்துக்குங்க, இதுதான் என் தலை! நல்லா சிரிங்க! சிரிச்சு முடிச்சதும் கரையைக் காப்பாத்துங்க!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அரசன் சிரிக்கவில்லை. சடையனின் மொட்டைத் தலையையும் கசியும் கரையையும் மாறி மாறிப் பார்த்தான். வெட்கத்தில் முகம் சிவந்தது. சட்டென்று தன் முடியைக் கழற்றி எறிந்துவிட்டு ஏரியில் குதித்தான்.

ஒன்று! இரண்டு! மூன்று!

மதகு திறந்தது! தண்ணீர் சீறிக்கொண்டு வாய்க்காலில் பாய்ந்தது! கரை நின்றது! ஆனந்தம் தாங்காமல் அமைச்சரும் தளபதியும் வணிகர் தலைவரும் தண்ணீரில் குதிக்க, அவர்களுடைய மூன்று பொய்முடிகளும் ஏரியில் மிதந்தன.

அரசன் சடையன் தோளில் கைபோட்டு, "காற்று எவ்வளவு சுகமாகப் படுகிறது!" என்றான்.

ஆகவே கேட்டுக்கொள்ளுங்கள்: தன் குறையை மறைப்பதிலேயே கண்ணாக இருப்பவன் தன் கடமையைக் கைவிட்டுவிடுவான்.